ஆயிரத்து முந்நூறு விபத்தில்லா நாட்கள்

செல்லி இறந்த பிறகு முந்நூற்று எழுபத்தைந்து மணி பத்து நிமிடம் வேலை செய்தாள். முப்பத்தொன்பது முழு ஷிப்ட், அறுபது மணி நேரம் ஓவர்டைம், இறந்த அன்று மீதமிருந்த மூன்று மணி பத்து நிமிடம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. அந்த அரை மணி நேரத்தில் அவள் கேன்டீனில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை. சாம்பாரை யாருக்காவது தள்ளிவிடுவாள். அதை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொழிற்சாலை பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு மூன்று கிலோமீட்டர் இப்பால் இருந்தது. எஃகுத் தகட்டை அழுத்தி, இரண்டு உள்ளங்கை சேர்ந்த அளவில் ஒரு வளைந்த பொருளை அங்கே செய்தார்கள். அதற்குப் பதினோரு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. பெண்கள் அதைக் கிண்ணம் என்றார்கள். கிண்ணம் லாரியில் பெங்களூருக்குப் போய் ஓர் என்ஜினுக்குள் பொருந்தும். என்ஜின் துறைமுகத்துக்குப் போய் ரோந்துக் கப்பலில் இறங்கும். அப்படிப்பட்ட ஒன்பது கப்பல்களை வாங்கிக்கொள்ளக் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நாடு முன்வந்தது. பதிலுக்கு அதன் துறைமுகத்தில் நம் போர்க்கப்பல்கள் நின்று எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். அந்தத் துறைமுகத்தை வரைபடத்தில் பார்த்தால் எதிரி நாட்டின் கழுத்துக்குக் கீழே வைத்த கை போல இருக்கும் என்று தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் அதிகாரி விளக்கினார். ஒரு காலத்தில், கப்பல் வாங்கும் அந்த நாட்டு மந்திரியைப் பார்க்க நம் தூதர் வராந்தாவில் இரண்டு நாள் காத்திருந்தாராம். இப்போது அவர்கள் பாகலூருக்கு வருகிறார்கள். இடையில் நடந்ததற்கு வளர்ச்சி என்று பெயர்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசு வாங்கும் எந்தப் பொருளும், கடைசி ஆயிரத்து முந்நூறு நாட்களில் ஒரு தொழிலாளிகூடச் சாகாத இடத்திலிருந்துதான் வர வேண்டும். நல்ல சட்டம்தான். அதைக் கொண்டுவந்தவர்கள் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். தொழிற்சாலையின் வாசலில் ஒரு பெரிய பலகை நின்றது. விபத்தில்லா நாட்கள் என்று மூன்று மொழியில் எழுதி, கீழே சிவப்பு விளக்கில் எண் ஓடும். விரல் நசுங்குவது அதில் சேராது, நகம் போவது சேராது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எண் ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்று.

பிரஸ் எந்திரத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. கதவு மூடினால்தான் எந்திரம் அடிக்கும். மூடியிருப்பதைக் கதவில் இருக்கும் ஒரு காந்தம் சென்சாருக்குக் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கதவைத் திறந்து மூடினால் ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து அறுநூறு வரும். கேட்டது மூவாயிரத்து இருநூறு. ஆகவே பெண்கள் பழைய ஹேண்ட்பேக்கின் வாய்ப்பட்டனில் இருக்கும் சின்ன காந்தத்தைப் பிய்த்துக் கொண்டுவந்து சென்சாரின் மேல் ஒட்டிவிடுவார்கள். கதவு திறந்தே இருக்கும், எந்திரம் அது மூடியிருப்பதாக நம்பும். யார் முதலில் கண்டுபிடித்தது என்று தெரியாது. புதிதாக வருகிறவர்களிடம் சூப்பர்வைசர் முனிராஜ், "ஹேண்ட்பேக் இருக்குதாம்மா?" என்று கேட்பார். ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் எல்லாக் காந்தத்தையும் ஒரு டிபன் பாக்ஸில் வாங்கித் தன் பைக்கில் வைத்துப் பூட்டுவார். மறுநாள் திருப்பிக் கொடுப்பார். ஒருவருடையது ஒருவருக்கு மாறாமல் இருக்க, பெண்கள் காந்தத்தில் நெயில் பாலிஷால் குறி வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்கு ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தகட்டை வளைக்கும் எஃகு அச்சு உடைந்தது. கதவு மூடியிருந்தால் துண்டு கண்ணாடியில் பட்டு விழுந்திருக்கும். அது செல்லியின் மார்பில் இடப்பக்கம் நுழைந்தது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஊத்தங்கரை பக்கம் சிங்காரப்பேட்டை சொந்த ஊர். நான்கு வருடமாகப் பாகலூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். எட்டாம் பிரஸ்ஸில் நின்ற சுகுணா ஓடிவந்து தூக்கியபோது மூச்சு இல்லை.

செல்லியின் புருஷன் தீர்த்தகிரி பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவன். முள் குத்தாமலிருக்கப் போடும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தான். முதலுதவி அறையில் பச்சை ரெக்சின் கட்டிலில் அவளைப் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். கம்பெனி டாக்டர் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பணியாளர் துறை மேலாளர் ராஜசேகர் கோயம்புத்தூர்க்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தீர்த்தகிரி உட்காரவில்லை.

"உங்க சம்சாரத்துக்கு நடந்தது இன்னிக்கு வெளிய போச்சுன்னா, நாளைக்கு அந்தப் பலகைல ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கோணுங்க. இன்னும் பத்தொம்பது நாள்தான் பாக்கி. நாடே காத்துட்டு இருக்குதுங்க" என்றார். மேசையில் ஒரு போன் ஸ்பீக்கரில் கிடந்தது. அதில் டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி இந்தியில் பேசினார். முதலில் அனுதாபம் சொன்னார். பிறகு கடல், துறைமுகம், நூற்று நாற்பது கோடிப் பேர் என்று சொன்னார். ராஜசேகர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். பத்தொன்பது நாள் யாரிடமும் சாவு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. அதுவரை பசைப் பீப்பாய்களை வைக்கும் குளிர் அறையில் செல்லி இருப்பாள். பிறகு எல்லாம் முறையாக நடக்கும். மகளுக்கு நிரந்தர வேலை. தீர்த்தகிரி ஒன்றே ஒன்று கேட்டான். "அப்ப காரியம்?" அதுவும் பிறகுதான் என்றார்கள்.

தீர்த்தகிரி வளர்ந்த ஊரில் நிலம் இல்லாதவர்கள் நிலம் உள்ளவர்களுக்கு வாயால் பதில் சொல்ல மாட்டார்கள். அவன் அப்பன் அப்படித்தான் நின்றான். கூலி குறைவு என்றாலும், நாளைக்கு வா என்றாலும், உன் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டு என்றாலும், தலை மட்டும் கீழே போய் மேலே வரும். ஆமாம் என்று சொன்னதாகாது, இல்லை என்று சொன்னதாகவும் ஆகாது. பேச்சு முடிந்தது, நான் போகலாமா என்பதுதான் அதற்குப் பொருள். தீர்த்தகிரி பள்ளிக்கூட ஆபீஸிலும் ரேஷன் கடையிலும் அதைத்தான் செய்தான். முதலுதவி அறையிலும் அதைத்தான் செய்தான். தலை கீழே போய் மேலே வந்தது.

செல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

போர்வையை மடித்தாள், வேலைக் கோட்டின் பட்டனைப் போட்டாள். "மணி இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். டாக்டர் பத்து நாற்பத்தெட்டு என்றார். பத்து ஐம்பதுக்கு அவள் ஏழாம் பிரஸ்ஸில் இருந்தாள். புது அச்சு மாட்டியிருந்தார்கள். ஓய்வுக்குப் பின் பணிக்குத் திரும்பினார் என்று டாக்டர் பதிவேட்டில் எழுதினார். அது பொய் இல்லை. குளிர் அறை தேவைப்படாமல் போனதில் ராஜசேகருக்கு ஆறுதல் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குழாயடியில் கால் கழுவி, வீட்டுக்குள் வந்து அரிசி களைந்தாள். தீர்த்தகிரி சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு போட்டாள். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டான்.

"எறங்க மாட்டேங்குது. நீ சாப்புடு."

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்ல, தோளு. அந்த விஷயம் ஆனப்பறமாச்சும் தோள்வலி போயிடும்னு நெனச்சேன். அது பாட்டுக்குக் கூடவே வந்துடுச்சு."

அந்த விஷயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லைன் வீட்டில், பஸ்ஸில், ஆஞ்சப்பனின் மளிகைக் கடையில், கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட. தொழிற்சாலை வாசலில் விரல் வைக்கும் எந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. முகம் பார்க்கும் எந்திரம் வைத்தார்கள். அதற்குக் கண் இமைக்க வேண்டும், அவளுக்கு மறந்துபோகும். "கண்ண சிமிட்டும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்பான் காவலாளி. இமைப்பாள், கதவு திறக்கும்.

ஆறாம் நாள் பஸ்ஸில் சுகுணா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பஸ்ஸின் ஜன்னல் கம்பி எவ்வளவு குளிர்ந்திருந்ததோ அவ்வளவு குளிர்ந்திருந்தது. "இது எத்தினி நாளைக்குடி?" என்று கேட்டாள்.

"அவரு தலையாட்டுனாரு, எழுந்துக்கினேன். அவரு வாயத் தொறந்து சொன்னா படுத்துக்குவேன். வேற யார் சொன்னாலும் செல்லாது போல. ரத்த சொந்தமோ தாலி சொந்தமோ சொல்லணும்."

"சொல்லச் சொல்ல வேண்டியதுதானே?"

"பத்தொம்பது நாளுதானே. நாட்டுக்காவ கேக்கறாங்க."

"நாடு உனக்கு இன்னா குடுத்துச்சு?"

செல்லி யோசித்தாள். "கார்டு குடுத்துச்சு" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள், செல்லியும் சிரித்தாள்.

அந்த வாரம் சுகுணா மளிகைக் கடையில் ஏழாம் பிரஸ்ஸைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினாள். மறுநாள் மதியம் ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு கான்ஸ்டபிளும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கிண்ணத்தைப் பற்றிப் பேசினால் என்ஜினைப் பற்றிப் பேசியதாகும். என்ஜினைப் பற்றிப் பேசினால் கப்பலைப் பற்றிப் பேசியதாகும். கப்பலைப் பற்றிப் பேசினால் எதிரிக்குச் சொன்னதாகும். எதிரிக்குச் சொன்னால் எத்தனை வருடம் என்பதையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சுகுணாவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எட்டாம் பிரஸ் காலியாகவே நின்றது.

நாட்டின் பாதுகாப்பு இப்படித்தான் பாகலூருக்கு வந்தது. எல்லையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது, சுகுணாவின் வீட்டுப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. கூடவே தார் ரோடும் வந்தது. பன்னிரண்டு வருடம் மனு கொடுத்து வராத ரோடு மூன்று நாளில் போடப்பட்டது. வேகத்தடைகளைச் சுரண்டி எடுத்தார்கள், தெருநாய்களை லாரியில் ஏற்றினார்கள், சுவர்களில் இரண்டு நாட்டுக் கொடிகளைக் கைகோத்த மாதிரி வரைந்தார்கள். லைன் வீடுகளின் முன்னால் நீலத் தகரம் அடித்து மறைத்தார்கள். "பாவந்தான் அந்தம்மா" என்றான் ஆஞ்சப்பன். "ஆனா ரோடு வந்துச்சா இல்லியா?"  ரோடு நன்றாக இருந்தது.

செல்லியின் எண்ணிக்கை ஏறியது. அவளுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியதில்லை, தண்ணீர் வேண்டியதில்லை, கை நடுங்காது. ஷிப்டுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிண்ணம். முதல் வாரம் முனிராஜ் அவள் பக்கம் போகவே பயந்தார். "பேக, பேக" என்று கன்னடத்தில் எல்லோரையும் விரட்டுகிறவர், அவள் முதுகுக்குப் பின்னால் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். மூன்றாம் வாரம் பயம் போய்விட்டது. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். "அவள மாதிரி ஆவறதுக்கு இன்னா பண்ணணும்னு சொல்லிட்டுப் போ அண்ணா" என்று ஒருத்தி கேட்டாள். அவர் காதில் விழாதது போலப் போய்விட்டார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்ற எண்ணைச் சாக்பீஸால் மற்ற பிரஸ்களின் மேலும் எழுதிவைத்தார்.

இருபத்துமூன்றாம் நாள், வியாழக்கிழமை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வெளிநாட்டுக் குழு வந்தது. பதினான்கு கார்கள். பலகையில் ஆயிரத்து முந்நூற்று நான்கு. காந்தங்கள் முனிராஜின் டிபன் பாக்ஸில். அந்த நாட்டின் மந்திரி உயரமான பெண்மணி, பாதுகாப்புக் கண்ணாடியைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். சிறந்த தொழிலாளி என்று ஏழாம் பிரஸ்ஸின் முன்னால் அவரை நிறுத்தினார்கள். அவர் செல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கி, கை மிகவும் குளிர்ந்திருக்கிறதே என்றார். குளிர்சாதன வசதி எல்லாத் தளத்திலும் உண்டு என்று ராஜசேகர் சொன்னார். எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று மந்திரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"நாலு வருசங்க" என்றாள் செல்லி. "அப்பறம் ஒரு இருவத்திமூணு நாளு. அது தனிங்க."

மொழிபெயர்ப்பாளர் ராஜசேகரைப் பார்த்தார். ராஜசேகர் தரையைப் பார்த்தார். நான்கு வருடம் என்று மந்திரியிடம் சொன்னார்கள். அந்தக் கைகுலுக்கலின் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதைப் பார்த்து ஒரு நாடு தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. இன்னொரு நாடு தானும் கப்பல் வாங்குவதாகச் சொல்லி அனுப்பியது. நான்கு நிபுணர்கள் நான்கு சானலில் அந்தக் கைகுலுக்கலின் அர்த்தத்தை விளக்கினார்கள். ஒருவர்கூடக் கையைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தீர்த்தகிரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராஜசேகரைப் பார்க்கப் போனான். பத்தொன்பது நாள் முடிந்து ஐந்து நாளாகிவிட்டது, இனிமேல் சொல்லலாமா என்று கேட்டான். ராஜசேகர் அவனுக்கு டீ வரவழைத்தார். "இப்பச் சொன்னாக் கையெழுத்துக்கு முந்தியே நடந்ததுன்னு தெரிஞ்சு போகுமுங்க. அப்புறம் பொய் சொன்ன நாடுன்னு பேராயிரும். ஒரு ஆறு மாசம் போகட்டுங்க. அடுத்த ஒன்பது கப்பலுக்குப் பேசிட்டு இருக்கறாங்க." தீர்த்தகிரி இந்தத் தடவை தலையாட்டவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தொழிற்சாலையின் மேல் மட்டும் கோபப்படுவது சுலபமாகிவிடும். தீர்த்தகிரிக்கு எந்தக் கப்பலும் முக்கியமில்லை. மூன்றரை மணிக்கோ, ஓவர்டைம் என்றால் ஐந்தரைக்கோ பஸ் வந்து நிற்கும், அவள் இறங்குவாள், குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். சொன்னால் அது நின்றுவிடும். அவள் தூங்குவதில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கால்கள் வீங்கிச் செருப்பு ஏறவில்லை, கத்தியால் செருப்பின் வாரை வெட்டிவிட்டாள். இதையெல்லாம் அவன் பார்த்தான். பார்த்தும் இன்னும் ஒரு நாள் வரட்டுமே என்று நினைத்தான். இருபத்திரண்டு நாள் அப்படி நினைத்தான்.

மகள் அனுப்ரியா கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுப்பாள். அறையின் வெப்பநிலை எவ்வளவோ அவ்வளவுதான் மடியின் வெப்பநிலை. ஒரு பொருள் எப்போது சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கு வரும் என்று அவள் படித்திருந்தாள். ஒருநாள் அப்பனிடம், "நீ சொல்லலன்னா அம்மா நின்னுக்கினே இருக்கும்பா" என்றாள்.

"சொன்னா வராதும்மா" என்றான்.

ரத்த சொந்தம் என்று அவளே சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அதே பயம் இருந்தது.

இதற்கிடையில் போனில் பேசிய டெல்லி அதிகாரி நேரிலேயே வந்தார். அவர் கெட்டிக்காரர். ஏழாம் பிரஸ்ஸின் முன்னால் நாற்பது நிமிடம் நின்று பார்த்தார், டாக்டரின் பதிவேட்டைப் படித்தார், ராஜசேகரிடம் சில கேள்விகள் கேட்டார். நடந்ததை ஒரு விபத்தாக அவர் பார்க்கவில்லை, ஒரு வசதியாகப் பார்த்தார். இரண்டு வாரத்தில் ஒரு படிவம் வந்தது. மூன்று மொழியில், தேச நலன் கருதிப் பொறுமை காக்கும் குடும்ப ஒப்புதல் என்று தலைப்பு. இனிமேல் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நெருங்கிய சொந்தம் ஒருவர் சேரும் நாளிலேயே வந்து, கேமரா முன்னால் நின்று, முன்கூட்டியே தலையாட்டிவிட வேண்டும். பிறகு எந்த நேரத்தில் எது நடந்தாலும் யாரையும் அவசரமாக வரவழைக்க வேண்டியதில்லை. ஒரு மணி பத்து நிமிடம் வீணாகாது. படிவத்தின் ஓரத்தில் அந்த ஒரு மணி பத்து நிமிடம் செல்லியின் பெயர் இல்லாமல் குறிப்பிடப்பட்டிருந்தது. இது நடைமுறைக்கு வந்தால் எந்த நாட்டின் எந்தச் சட்டத்துக்கும் நாம் பயப்பட வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னதாகக் கேள்வி.

நாற்பத்து நான்காம் நாள் மாலை ராஜசேகர் லைன் வீட்டுக்கு வந்தார். நீலத் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அனுப்ரியாவின் வேலை உத்தரவைக் கொடுத்தார். நிரந்தரம். எட்டாம் நம்பர் பிரஸ். "சொன்னதைச் செஞ்சிட்டோமுங்க. அம்மா பக்கத்துலயே நிக்கலாம். சனிக்கிழமை காலைல வந்துருங்க, அப்பாவும் கூட வரோணும், ஒரு நிமிஷ வேலை." அனுப்ரியா உத்தரவை இரண்டு தடவை படித்தாள். எட்டு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில். போகிறேன் என்றாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, ஓவர்டைம் முடிந்து செல்லி வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. அரிசி களையவில்லை. தீர்த்தகிரியின் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில் மசகு எண்ணெயின் வாசம் அடித்தது.

"அவள என் பக்கத்துல நிறுத்தாத" என்றாள்.

"நெரந்தர வேலைம்மே. அவளே போறேன்றா."

"நெரந்தரம்னா இன்னான்னு என்னைக் கேளு. நாளைக்கு நீ தலையாட்டுனா, எப்பயாச்சும் ஒருநாள் அவளும் எழுந்து நிப்பா. அப்பறம் ரெண்டு பேரும் நின்னுக்கினே இருப்போம். நீ போய்ச் சேந்துட்டா யார் வந்து சொல்லுவா?"

அவன் அவளுடைய வார் வெட்டிய செருப்பை எடுத்துச் சுவரோரம் வைத்தான். பிறகு, "சொல்லிட்டா நீ வர மாட்டியே" என்றான்.

"நான் வர்றதெல்லாம் ஒரு வர்றதா, அனு அப்பா?"

அவன் அழுதான். அவள் தன் வீங்கிய காலை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். அவளால் அழ முடியவில்லை, அதற்கு உடம்பில் ஈரம் வேண்டும்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வாசலில் கூட்டம். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒரு வரிசை, புதிதாகச் சேரும் முப்பத்தொரு பேரும் அவர்கள் குடும்பமும் இன்னொரு வரிசை. நாகரசம்பட்டியிலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு ஸ்டாண்டில் கேமரா. பக்கத்தில் ராஜசேகர், முனிராஜ், ஸ்வெட்டர் போட்ட டெல்லி அதிகாரி. பெயரைக் கூப்பிடுவார்கள், அப்பனோ அண்ணனோ புருஷனோ வந்து நிற்பார், தலை கீழே போய் மேலே வரும், அடுத்தவர். பன்னிரண்டு பேர் முடிந்திருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் தீர்த்தகிரி வளர்ந்த மாதிரியான ஊர்களில் வளர்ந்தவர்கள்.

அனுப்ரியாவின் பெயரை முனிராஜ் வாசித்தார். தீர்த்தகிரி கேமராவுக்கு முன்னால் வந்தான்.

"ஒண்ணும் பேச வேண்டியதில்லைங்க" என்றார் ராஜசேகர். "தலையை மட்டும் ஆட்டினாப் போதும்."

அவன் கழுத்து தானாகக் கீழே போகத் தொடங்கியது. ஐம்பது வருடப் பழக்கம், அது அவனைக் கேட்காது. அவன் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து நிறுத்தினான். கேமராக்காரன் படம் சரியாக விழவில்லை என்றான். ராஜசேகர் ஓரடி முன்னால் வந்தார். டெல்லி அதிகாரி என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார்.

காலை ஷிப்ட் வரிசையில் செல்லி பையைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, தலைமாட்டில் வைக்கிற மாதிரி தரையில் வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் விலகி அவளுக்கு இடம் விட்டார்கள். பேக்கிங் பகுதி வரிசையிலிருந்து சுகுணா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அனுப்ரியா அப்பனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவின் பக்கம் போய் நின்று, அப்பனைப் பார்த்து, சரி என்றாள்.

தீர்த்தகிரி தாடையிலிருந்து கையை எடுத்தான்.

"என் பொண்டாட்டி செல்லி செத்துட்டா" என்றான். முதல் தடவை பக்கத்தில் நின்ற ராஜசேகருக்கு மட்டும் கேட்டது. வாசலில் இருந்த முந்நூறு பேருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான். "என் பொண்டாட்டி செல்லி செத்துட்டா. நாப்பத்தாறு நாளாச்சு. செவ்வாக்கெழம காலைல ஒம்பது நாப்பதுக்கு, உள்ள, ஏழாம் நம்பர் பிரஸ்ல செத்துட்டா."